இருவாய்ச்சியின் சிறைவாசம்

தென்காசிக்கு வடமேற்கே, மலையடிவாரத்து நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் அச்சன்புதூர். இவ்வூராருக்கு மேற்கு என்பது வெறும் திசையன்று. அதுவே அவர்களுடைய பஞ்சாங்கமும் ஆகும். ஆனி பிறந்துவிட்டால் எல்லோர் கண்ணும் மேற்கே திரும்பிவிடும். மலைமுகட்டில் மேகம் இறங்கிவிட்டதா, சாரல் தொடங்கிவிட்டதா, குற்றாலத்தில் அருவி விழுகிறதா, மேக்கரை அணையில் நீர் ஏறுகிறதா என்பதே அப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. பண்பொழித் திருமலைக்கு அப்பால் கருநீலச் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் அந்த மலைத்தொடரை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், அம்மலைமேல் வசிக்கும் ஜீவராசிகள் யாவை என்று ஒருவர் கேட்டால், யானை, புலி, குரங்கு என்ற மூன்று பெயரோடு நம்முடைய அறிவு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், "உலகத்திலேயே விசித்திரமான பறவை எது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தயங்காமல் "பெங்குவின்" என்பார்கள். தென் துருவத்துப் பனிக்கட்டியின்மேல், கடுங்குளிரில், சேவற் பெங்குவின் தன் பாதங்களின் மேல் முட்டையை ஏந்திக்கொண்டு ஏறத்தாழ 2 மாத காலம் ஆகாரமின்றி நிற்கிறது என்பதைப் படத்தோடு படித்தவர்கள் அவர்கள். அறிந்துகொள்ள வேண்டிய செய்திதான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்தத் தவத்துக்குச் சற்றும் இளைக்காத ஒரு தவம், கடல் பல கடந்து போகாமல், நம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடரிலேயே ஆண்டுதோறும் நடந்துவருகிறது. அதைச் செய்கிற பறவையின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. அதுதான் வருத்தத்துக்குரியது.

அந்தப் பறவையின் பெயர் இருவாய்ச்சி. சிலர் இருவாட்சி என்றும் எழுதுவர்.

பெயரும் உருவமும்

இருவாய்ச்சியின் அலகைப் பார்த்தவர்கள் அதை ஆயுளில் மறக்கமாட்டார்கள். நன்றாக வளைந்த, மஞ்சள் நிறமான, மிகப் பெரிய அலகு. அதன் மேலே, இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு கொம்புத் தொப்பி. இரண்டு வாய் உடையதுபோல் தோன்றுவதால் இருவாய்ச்சி என்று நம்மவர் பெயரிட்டனர். அத்தொப்பியின் முன்புறம் இரண்டு முனைகளாகப் பிரிந்திருக்கும். அதைக் கண்டு லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் 1758-ஆம் ஆண்டில் இதற்கு 'இரு கொம்புடையது' என்னும் பொருள்படச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். நம்மவர் வாயைக் கண்டனர். அவர் கொம்பைக் கண்டார். எண்ணிக்கை மட்டும் இருவருக்கும் ஒத்துப்போயிற்று!

இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு பறவை எவ்வாறு பறக்கும் என்ற ஐயம் எழலாம். தொப்பி பார்வைக்குத்தான் பாரம். உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாக, மிகவும் இலேசாக இருக்கும். எனினும் அலகு பெரிதாகையால், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றாகக் கூடி, தலைக்கு உறுதியான முட்டாக அமைந்துள்ளன. பறவைக் குலத்தில் இருவாய்ச்சி இனத்துக்கே உரிய ஏற்பாடு இது.

உடல் கருமை, கழுத்து வெண்மை, வால் வெண்மையாயிருந்து நடுவே ஒரு கறுப்புப் பட்டையோடு விளங்கும். கரிய இறக்கையின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 3 அடி முதல் 4 அடி வரை நீளம். இறக்கையை விரித்தால் சுமார் 5 அடி அகலம். நிறை 2 முதல் 4 கிலோ. கண்ணுக்கு மேலே நீண்ட இமைமயிர் உண்டு. பறவைகளில் இமைமயிர் உடையவை மிகச் சிலவே.

சேவலையும் பேடையையும் வேறுபடுத்தி அறிவது எளிது. சேவலின் விழி செந்நிறம். பேடையின் விழி வெளிறிய வெண்மை. பேடை உருவில் சற்றுச் சிறியது. சேவலின் தொப்பியில் முன்னும் பின்னும் கறுப்புத் தீட்டியிருக்கும். பேடைக்கு அக்கறுப்பு இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் கூறவேண்டும். அலகிலும் கழுத்திலும் காணும் மஞ்சள் நிறம் முழுவதும் பிறவி நிறம் அன்று. வாலின் அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து மஞ்சள் நிறமான எண்ணெய் கசியும். பறவை அதில் தலையைத் தேய்த்து, அலகிலும் கழுத்திலும் இறக்கையின் வெள்ளை இறகுகளிலும் பூசிக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மஞ்சள் பூசிக் குளிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை. இந்தப் பறவைக்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

புகைவண்டி ஓசை

அடர்ந்த காட்டில் இருவாய்ச்சியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடலாம். மற்றப் பறவைகளின் இறக்கையில் பெரிய இறகுகளின் அடிப்பாகத்தைச் சிறிய இறகுகள் மூடிக்கொண்டிருக்கும். இதற்கோ இறக்கையின் உட்புறத்தில் அந்த மூடி போதுமான அளவுக்கு இல்லை. ஆகையால் சிறகடிக்குந்தோறும் காற்று இறகுத் தண்டுகளின் இடையே புகுந்து 'புஸ், புஸ்' என்று பெருமூச்சாக வெளிப்படுகிறது. நிலையத்தை விட்டுக் கிளம்பும் நீராவி எஞ்சினின் ஓசையை இதற்கு உவமையாகக் கூறுவது வழக்கம்.

நம் பகுதியாருக்கு இந்த உவமை நன்றாகப் புரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது 1904-ஆம் ஆண்டில். அன்று மலையேறிய நீராவி எஞ்சின் மறைந்தது; அது ஓடிய சிறு அகலப் பாதையும் மாற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டு முதல் அகலப் பாதையில் வண்டிகள் ஓடுகின்றன. நீராவியின் பெருமூச்சை இனி அந்த மலையில் கேட்க முடியாது. இருவாய்ச்சியின் பெருமூச்சை மட்டும் இன்னும் கேட்கலாம்.

குரலும் அதற்கேற்றாற்போல் கனமானது. ஒன்று கூவினால் மலைப்பள்ளம் முழுவதும் எதிரொலிக்கும். மலையாளத்தில் இதற்கு 'மலமுழக்கி வேழாம்பல்' என்று பெயர். மலையையே முழங்கச் செய்வது என்று பொருள். கேரள அரசு தன் மாநிலப் பறவையாக இதையே கொண்டுள்ளது. வேழாம்பல் மழைத்துளிக்காக ஏங்கி வானத்தை நோக்கிக் காத்திருக்கும் என்பது மலையாள நாட்டு நம்பிக்கை. நம் நூல்கள் சாதகப் பறவையைப் பற்றிக் கூறுவது போன்றதே இதுவும். உண்மையில் இருவாய்ச்சி தண்ணீரைத் தேடி இறங்குவது அரிது. உண்ணும் கனியின் சாறே அதற்குப் பெரும்பாலும் போதுமானது. ஆனால் மழைக்காகக் காத்திருப்பது முற்றும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. அதன் காரணத்தைக் கீழே காணலாம்.

சுவருக்குள் புகும் தாய்

தை மாதத்தையொட்டி இருவாய்ச்சிகள் கூடு தேடத் தொடங்கும். கூடு என்றால் சுள்ளி அடுக்கிய கூடு அன்று. மிக உயர்ந்த, பருத்த மரத்தில், தரையிலிருந்து பல பனை உயரத்தில் உள்ள பொந்து. மரங்கொத்தியைப்போல் மரத்தைக் குடைந்து பொந்து செய்யும் திறமை இதற்குக் கிடையாது. எப்போதோ ஒரு பெருங்கிளை முறிந்து, அந்தக் காயம் பல்லாண்டு உளுத்து, தானாக உண்டான பொந்தே வேண்டும். தக்க பொந்து கிடைத்துவிட்டால், ஆண்டுதோறும் அதையே நாடி வரும்.

பேடை பொந்துக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அது செய்யும் முதற்காரியம் வாசலை அடைப்பது. தன் எச்சத்தையும் உண்ட கனியின் மிச்சத்தையும் குழைத்து, அகன்ற அலகையே கொத்தனாரின் கரண்டியாகக் கொண்டு, பட்டை பட்டையாக அப்பிச் சுவர் எழுப்புகிறது. காய்ந்தால் அச்சுவர் கல்லைப்போல் இறுகிவிடும். நடுவில் மேலும் கீழுமாக நீண்ட ஒரு பிளவு மாத்திரம் விடப்படும். சேவலின் அலகு நுனி நுழையும் அளவே அதற்கு அகலம். குரங்கு, பாம்பு, மரநாய் முதலிய பகைகளுக்கு அவ்வழியில் இடமில்லை.

தேசத்துக்காகச் சிறை புகுந்தவர்களை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். தன் குஞ்சுக்காகத் தானே சுவர் கட்டி, தானே தன்னைச் சிறையில் இட்டுக்கொள்ளும் இந்தத் தாயை என்ன சொல்லிப் போற்றுவது?

உள்ளே ஒன்று அல்லது இரண்டு வெண்ணிற முட்டைகள் இடப்படும். அடைகாக்கும் காலம் 38 முதல் 40 நாள். பெரும்பாலும் ஒரு குஞ்சே வளர்ந்து வெளிவருகிறது. இந்தச் சிறைவாசத்தில் தாய் தன் இறக்கை இறகுகளையும் வால் இறகுகளையும் உதிர்த்துவிட்டுப் புதிய இறகு வளர்த்துக்கொள்கிறது. இடையில் சில வாரங்கள் அதற்குப் பறக்கும் சக்தியே இராது.

சிறை என்பதற்காகச் சுத்தம் கெடுவதில்லை. பிளவின் வழியே எச்சத்தை வெகு தூரம் வெளியே பீச்சிவிடும். கனி விதைகளையும் அப்படியே எறிந்துவிடும். ஆகவே கூட்டு மரத்தின் அடியில் பலவகைச் செடிகள் முளைத்து நிற்கும். மேலே அண்ணாந்து பாராமலே, கீழே முளைத்த கன்றுகளைக் கண்டு, 'இந்த மரத்தில் கூடு இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள் காட்டை அறிந்தவர்கள்.

குஞ்சு ஓரளவு தேறியதும் தாய் சுவரை உடைத்து வெளியே வரும். தாய் போனதும் குஞ்சு என்ன செய்கிறது என்று நினைக்கிறீர்கள்? கண் திறந்து உலகத்தைப் பார்த்த சில வாரங்களே ஆன அந்தக் குஞ்சு, உள்ளேயிருந்து மறுபடியும் சுவரைக் கட்டி வாசலை அடைத்துக்கொள்கிறது! கற்பிப்பார் யாருமின்றி நடக்கும் காரியம் இது. பிறகு தாயும் தந்தையும் சேர்ந்து இரை கொணர்ந்து ஊட்டுகின்றன. எல்லாம் முடிந்து குஞ்சு பறந்து வெளிவரும்போது, தாய் பொந்தில் நுழைந்த நாளிலிருந்து ஏறத்தாழ 4 மாதம் கழிந்திருக்கும். அப்போது வைகாசி, மேற்கே மேகம் திரளும் காலம். வேழாம்பல் மழைக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னவர்கள் ஒருவேளை இதைக் கண்டுதான் சொன்னார்களோ என்னவோ!

ஒருவன் உழைப்பில் ஒரு குடும்பம்

இத்தனை நாளும் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போடுவது யார்? சேவல்தான். விடிந்தது முதல் அடையும் வரை அதற்கு ஓய்வில்லை. ஆல், அத்தி, இத்தி முதலிய மரங்களின் கனிகளைத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் பக்கத்தில் பற்றி உட்கார்ந்து, தலையைக் குலுக்கி ஒவ்வொரு கனியாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, பிளவின் வழியே பேடையிடம் கொடுக்கும். பல்லி, பாம்புக் குட்டி, வண்டு முதலியவையும் இடையிடையே கிடைக்கும். நாக்கு குறுகியதாகையால், தான் உண்ணும்போது கனியைச் சற்றே மேலே எறிந்து தொண்டையில் ஏந்திக்கொள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பறவையின் குடும்ப வாழ்வை முறையாக ஆராய்ந்தவர் ரகுபதி கண்ணன் என்னும் தமிழர். 1990-களின் தொடக்கத்தில் ஆனைமலைக் காடுகளில் தங்கி, கூடுகளைக் கவனித்து எழுதினார். இதன் உணவில் அத்தி இனக் கனிகளுக்கே பெரும் பங்கு என்பதை அவருடைய ஆராய்ச்சி தெளிவாக்கியது. அதே ஆனைமலையில் இரண்டு பறவைகள் பறந்தபடியே ஆட்டுக்கடாக்களைப்போல் தொப்பியோடு தொப்பி மோதிக்கொள்ளும் காட்சியும் பதிவாகியிருக்கிறது.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பங்குனி மாதத்தில் ஒருவன் காட்டில் ஒரு சேவல் இருவாய்ச்சியைச் சுட்டு வீழ்த்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கணக்கில் செத்தது ஒரு பறவை. ஆனால் எங்கோ ஒரு மரப் பொந்தில் இறகு உதிர்ந்த ஒரு பேடையும், கண் திறக்காத ஒரு குஞ்சும் பிளவின் அருகே அலகை வைத்துக் காத்துக்கொண்டிருக்கும். சுவரை உடைத்துத் தாய் வெளிவந்தாலும் பறக்க இறகு இல்லை. ஒரு குண்டில் ஒரு குடும்பமே அழிகிறது. இருவாய்ச்சி அபூர்வமானதற்கு இது ஒரு காரணம்.

ஆயுளும் வில்லியமும்

இருவாய்ச்சி நெடுங்காலம் வாழும் பறவை. குஞ்சாகப் பிறந்தது தானும் குடும்பம் நடத்த 4, 5 ஆண்டுகள் ஆகும். சேவலும் பேடையும் ஒருமுறை இணைந்தால் பல ஆண்டுகள் பிரிவதில்லை. மனிதர் பராமரிப்பில் 50 ஆண்டுவரை உயிரோடு இருக்கும் என்பர்.

இந்தியாவில் வளர்க்கப்பட்ட இருவாய்ச்சிகளுள் மிகவும் புகழ்பெற்றது 'வில்லியம்'. 1883-ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, 1894-இல் கார்வாரிலிருந்து 3 மாதக் குஞ்சாக வந்து சேர்ந்தது அது. அக்காலத்தில் கழகத்தின் காரியாலயம் ஒரு மதுபான வியாபாரக் கம்பெனியின் கட்டிடத்தில் நடந்துவந்தது. கழகத்தின் கௌரவ காரியதரிசியான மில்லார்டு துரையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கூண்டில் வில்லியம் 26 ஆண்டுகள் குடியிருந்தது. ஒருமுறை எரிந்துகொண்டிருந்த சுருட்டு ஒன்றை விழுங்கிவிட்டுச் சிறிதும் கலங்காமல் இருந்ததாம். 1920-இல் அது இறந்தபோது, கம்பித் துண்டை விழுங்கியதுதான் காரணம் என்றார்கள். கழகத்தோடு நெடுநாள் பழகிய கின்னியர் என்பவர், பழைய நண்பர் மில்லார்டைப் பிரிந்த ஏக்கமே காரணமாயிருக்கும் என்று எழுதினார்.

1908-ஆம் ஆண்டில் ஒரு சிறுவன், தான் சுட்ட சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் புள்ளி இருப்பதைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்டு அதே மில்லார்டிடம் வந்தான். அச்சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியப் பறவை நூலின் பேராசானாக விளங்கிய சாலிம் அலி. 1933-இல் அவர் திருவிதாங்கூர், கொச்சிச் சமஸ்தானங்களின் காடுகளில் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். நம் மேற்கு மலையின் மறுசரிவு அந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. பம்பாய்க் கழகத்தின் சின்னமாக இன்றைக்கும் விளங்குவது இருவாய்ச்சியின் உருவம். அதற்கு மாதிரியாக அமைந்தது வில்லியம். கழகத்தின் கட்டிடத்துக்கும் இந்தப் பறவையின் பெயரே இடப்பட்டிருக்கிறது.

கிழ மரத்தின் அருமை

இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து பர்மா, சயாம், மலாய், சுமத்ரா வரையிலும் இருவாய்ச்சி உண்டு. தென்னாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையே அதன் வீடு. இலங்கையில் இது இல்லை. நம் பக்கத்தில் களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும், கணவாய்க்கு அப்பால் கேரளத்தைச் சேர்ந்த செந்துருணிக் காட்டிலும் இதைக் காணலாம். என்றும் பசுமை மாறாத மழைக்காடே இதற்கு ஏற்றது, சமவெளியில் இறங்குவதில்லை.

காடு இருந்தால் மட்டும் போதாது. கிழக்காடு வேண்டும். நேற்று நட்டு இன்று வளர்ந்த மரத்தில் இருவாய்ச்சி நுழையும் அளவுக்குப் பொந்து உண்டாகாது. அந்த அளவு பருத்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்து வாசல் திறப்பதற்குப் பல தலைமுறை ஆகும். நம் பாட்டனார் காலத்திலேயே கிழமாயிருந்த வெடிப்பலா மரத்தில்தான் இன்றைய இருவாய்ச்சி குடும்பம் நடத்த முடியும்.

வெள்ளையர் காலத்தில் காடு மரக்கட்டைக் கிடங்காகவே எண்ணப்பட்டது. புகைவண்டிப் பாதைக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. வாசனைப் பொருள்களும் தேயிலையும் வேண்டியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களைக் கம்பெனியார் போட்டுப் பார்த்தனர். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் ஒரு பகுதி தேயிலைக்காகக் குத்தகைக்குப் போயிற்று. அந்நியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விடுதலை பெற்ற பின்னும் அணைக்கென்றும், தேக்குக்கென்றும், ரப்பருக்கென்றும் நாமே வெட்டினோம். பொந்து விழுந்த மரம் பலகைக்கு உதவாது. ஆகவே அது 'உதவாத மரம்' என்று கணக்கில் எழுதப்பட்டது. அந்த உதவாத மரம் ஒன்றே இருவாய்ச்சிக்கு உதவும் மரம் என்பதை அந்தக் கணக்குப் புத்தகம் அறியவில்லை.

காட்டின் உழவன்

ஒரு பறவை போனால் போகட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை.

காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் முதலிய மரங்களின் விதை பெரியது. சிறு பறவைகளால் அதை விழுங்க முடியாது. தாய் மரத்தின் காலடியிலேயே விழுந்த விதை, நிழலில் நலிந்து பெரும்பாலும் மடிந்துபோகும். இருவாய்ச்சி அக்கனியை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் எடுத்துக்கொண்டு, விதையைப் பழுதில்லாமல் வெகு தூரத்தில் உமிழ்ந்துவிடுகிறது. சம்பளமில்லாமல், ஆண்டு முழுவதும், மலை உச்சிகளில் விதை விதைத்துக்கொண்டிருக்கும் உழவன் அது. உழவன் ஒழிந்தால் இன்று நிற்கும் மரங்கள் நிற்கும். அவற்றின் பேரன் மரங்கள் முளைக்கமாட்டா.

அந்த மலைக்காடே மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, மழை ஓய்ந்த பின்னும் சிறிது சிறிதாக ஓடையில் விடுகிறது. மேக்கரை அணையில் தேங்கி அச்சன்புதூர் வயலுக்கு வரும் அனுமன் நதியும், குற்றாலத்தில் அருவியாய் விழும் சிற்றாறும், அவற்றைச் சேர்த்துக்கொண்டு செல்லும் தாமிரபரணியும் அக்காட்டின் பிள்ளைகளே. நாம் உண்ணும் சோற்றுக்கும் அந்தப் பறவைக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருங்கியது.

வேட்டைக்காரரே காவலர்

இவ்வளவும் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருவாய்ச்சியும் சேர்க்கப்பட்டது. 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் புலிகள் காப்பகமாயின. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்கப்பட்டன. ஆயினும் 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இப்பறவையை 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற வகுப்பில் வைத்தனர். இதற்கு முன் இருந்த வகுப்பைவிட இது ஒரு படி அபாயமானது. சட்டம் மட்டும் காவல் செய்யாது என்பதற்கு இதுவே சாட்சி.

காவல் செய்பவர்கள் வேறிடத்தில் தோன்றியிருக்கிறார்கள். கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடியினர் வசிக்கின்றனர். கூட்டிலிருந்து இருவாய்ச்சிக் குஞ்சை எடுத்து உண்பது அவர்களிடம் முன்பு இருந்த வழக்கம். எந்த மரத்தில் கூடு, எந்த மாதத்தில் குஞ்சு என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அறிவையே முதலாகக் கொண்டு, கடந்த சுமார் 20 ஆண்டுகளாக அவர்களே கூட்டு மரங்களைக் காத்தும், ஆண்டுதோறும் கணக்கெடுத்தும் வருகின்றனர். குஞ்சை எடுக்க ஏறிய கால்கள் இன்று குஞ்சைக் காக்க நடக்கின்றன.

வடகிழக்கே அருணாசலத்தில் நிஷி என்னும் மக்கள் இருவாய்ச்சி அலகைத் தலையணியாகச் சூடுவது குலமரபு. மரபையும் விடாமல், பறவையையும் கொல்லாமல் இருக்க, நாரிழைக் கண்ணாடியால் செய்த அலகுகளை இப்போது பலர் சூடுகின்றனர். பக்கே காட்டை அடுத்த கிராமத்தார், நகரத்திலுள்ள அன்பர்கள் அனுப்பும் பொருளுதவியைக் கொண்டு 2011-12 முதல் கூடுகளைக் காவல் காத்துவருகிறார்கள். வால்பாறையிலோ, தேயிலைத் தோட்டங்களின் இடையே எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளில் பழைய காட்டு மரங்களை மறுபடியும் நட்டு வளர்க்கும் வேலை பல ஆண்டுகளாக நடைபெறுகிறது.

நம்மால் இயன்றது

காட்டுக்குள் வாழாத நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, வாதத்துக்கும் மூட்டுவலிக்கும் இருவாய்ச்சிக் கொழுப்பில் காய்ச்சிய எண்ணெய் என்று யாரேனும் விற்க வந்தால், வாங்காமல் திருப்பியனுப்புவது. வாங்குபவர் இல்லாவிட்டால் சுடுபவரும் இல்லை. அந்த எண்ணெயின் விலை என்ன என்பதைப் பொந்தில் காத்திருக்கும் பேடையை நினைத்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, தை முதல் வைகாசி வரை மலைக்காட்டுக்குச் செல்ல நேர்ந்தால், கூட்டு மரத்தை நெருங்காமலும், கூச்சலிடாமலும், படம் எடுப்பதற்கென்று அடியில் காத்து நில்லாமலும் இருப்பது. மனிதர் நிற்பதைக் கண்டால் சேவல் இரையோடு வந்தும் தயங்கித் திரும்பிவிடும். நாம் நிற்கும் ஒரு மணி நேரம் உள்ளே இருக்கும் குஞ்சுக்கு ஒருவேளைப் பட்டினி.

மூன்றாவது, ஊர்ப்பக்கத்திலும் மலையடிவாரத்திலும் நிற்கும் ஆல், அத்தி, இத்தி மரங்களைச் சாலைக்கு இடைஞ்சல் என்றும் காய்க்காத மரம் என்றும் வெட்டத் துணிவோரைக் கண்டால், ஒரு வார்த்தை தடுத்துச் சொல்வது. இருவாய்ச்சி அங்கே வராது, உண்மைதான். ஆனால் குயிலும் குக்குறுவானும் வெளவாலும் அம்மரங்களை நம்பியே வாழ்கின்றன. கிழ மரத்தை மதிக்கும் பழக்கம் ஊரில் இல்லாவிட்டால் மலையில் மட்டும் எப்படி வரும்?

நான்காவது காரியம் எல்லாவற்றிலும் எளியது. சாரல் காலத்தில் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் குற்றாலத்துக்கு வருகின்றன. அருவியில் குளித்து, தலை துவட்டிக்கொண்டு, பிள்ளைகள் மலையை அண்ணாந்து பார்க்கும் ஒரு நிமிஷம் உண்டு. அந்த நேரத்தில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே யார் விதை விதைக்கிறார்கள், சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு தாய் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் என்பதைப் பெரியவர்கள் சொல்லலாம். பெங்குவினைப் பற்றிக் கேட்டு வியந்த பிள்ளைகள் இதையும் கேட்டு வியப்பார்கள். இதைக் காப்பது தங்கள் கையில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வார்கள்.